ஐந்து சுவிட்ச், ஒரே வரிசை: மாடியில் ஃபைல் திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

கேள்வி: சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். கீழே முன்பக்கம் கணக்குப் பிரிவு, பின்பக்கம் அச்சுக்கூடம். மாடியில் டிசைன் பிரிவும் என் அறையும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் குடோன். ஆள் சேரச் சேர நெட்வொர்க் சுவிட்ச் வாங்கி மாட்டியதில் இப்போது ஐந்து ஆகிவிட்டது. ரவுட்டரும், டிசைன் ஃபைல்கள் இருக்கும் நாஸும் (எல்லாரும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) கணக்குப் பிரிவில் உள்ளன. அங்கிருந்து அச்சுக்கூடத்துக்கு ஒரு கேபிள், அச்சுக்கூடத்திலிருந்து மாடி டிசைனுக்கு ஒன்று, டிசைனிலிருந்து என் அறைக்கு ஒன்று. குடோனுக்கும் அச்சுக்கூடத்திலிருந்துதான் கேபிள் போகிறது. அச்சுக்கூட சுவிட்ச் பத்து வருஷத்துக்கு மேல் பழையது. எட்டு கேமராவும் அதில்தான், ரெக்கார்டர் என் அறையில். டிசைனர்கள் ஏழு பேர். ஒரு ஜிபி ஃபைல் திறக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகிறது. கீழே கணக்குப் பிரிவில் பறக்கிற டேலி கணக்கு மென்பொருள் என் அறையில் அசைய மறுக்கிறது. போன மாதம் மொத்த நெட்வொர்க்கும் இரண்டு மணி நேரம் நின்றுபோனது. சும்மா தொங்கிய ஒரு கேபிளின் இரண்டு முனையையும் யாரோ டிசைன் சுவிட்சில் சொருகியிருந்தார்கள். அதைப் பிடுங்கியதும் சரியானது. கடைக்காரர் ஐந்தையும் மேனேஜ்டு சுவிட்சாக (உள்ளே செட்டிங் மாற்றக்கூடிய வகை) மாற்றச் சொல்கிறார். தேவையா? சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரண்டு மடங்காகுமா? வரிசையாக எத்தனை சுவிட்ச் வரை போடலாம்?

– ஓர் அச்சக உரிமையாளர், சிவகாசி

வணக்கம்.

கீழே பறக்கிற டேலி மாடியில் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். மென்பொருள் ஒன்றுதான். டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரும் ஒன்றுதான். மாறுவது வழி மட்டும்தான். அதனால் டேலியைக் குறை சொல்ல வேண்டாம், நாஸை மாற்றவும் வேண்டாம். கோளாறு வழியில் இருக்கிறது, அதிலும் அந்த அச்சுக்கூட சுவிட்சில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஐந்தையும் மாற்றத் தேவையில்லை. நல்லதாக ஒரு 24 போர்ட் சுவிட்ச், அச்சுக்கூடத்துக்குச் சின்னதாக ஒரு ஜிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) சுவிட்ச், நல்ல கேபிள், குடோனுக்கு ஃபைபர். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

மாடியில் ஒருவர் காலண்டர் ஃபைல் ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபைல் நாஸிலிருந்து கிளம்பி கணக்குப் பிரிவு சுவிட்சுக்கு வருகிறது, அங்கிருந்து அச்சுக்கூட சுவிட்சுக்குப் போகிறது, பிறகுதான் மாடி ஏறுகிறது. ஏழு டிசைனர்களுக்கும் இதே வழி. உங்கள் அறையின் டேலிக்கும் இதே வழி. எட்டு கேமராவின் படமும் அச்சுக்கூடத்திலிருந்து மாடி ஏறித்தான் உங்கள் ரெக்கார்டருக்கு வந்து சேர்கிறது. அத்தனையும் ஒரே ஒரு கேபிளில் போகின்றன. அந்தக் கேபிள் சொருகியிருக்கும் பழைய சுவிட்ச் பெரும்பாலும் 100 மெகாபிட் சுவிட்சாகத்தான் இருக்கும். மற்ற நான்கும் ஜிகாபிட்டாக இருந்தாலும் நடுவில் இது ஒன்று 100 என்றால், அதைத் தாண்டிப் போகிற எதற்கும் 100-தான் வேகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் 100 மெகாபிட் இணைப்பில் ஃபைல் காப்பி ஆகும் வேகம் நொடிக்குச் சுமார் 11 மெகாபைட். 1080பி கேமரா ஒன்று சாதாரணமாக 4 மெகாபிட் அனுப்பும். எட்டுக்கும் 32. ஆக அந்தக் கேபிளில் மூன்றில் ஒரு பங்கை ராத்திரி பகல் என்று பார்க்காமல் கேமராக்களே எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் நொடிக்கு 8 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். ஒரு ஜிபி ஃபைல் வர இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒருவர் மட்டும் திறந்தால். நீங்கள் சொல்லும் நேரத்தோடு இது அப்படியே பொருந்துகிறது. இதே இணைப்பு ஜிகாபிட்டாக இருந்தால் நொடிக்கு 110 மெகாபைட் வரை வரும், அந்த ஃபைல் பத்து நொடியில் திறந்துவிடும்.

என் கணிப்பை அப்படியே நம்பிப் பணம் போட வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு லேப்டாப்பைக் கணக்குப் பிரிவு சுவிட்சில் சொருகி, நாஸிலிருந்து ஒரு ஜிபி ஃபைலை லேப்டாப்புக்குக் காப்பி செய்யுங்கள். விண்டோஸில் காப்பி ஆகும்போது வரும் சின்னப் பெட்டியில் ‘கூடுதல் விவரம்’ என்பதை விரித்தால் நொடிக்கு எத்தனை மெகாபைட் என்று ஓடும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே லேப்டாப், அதே பேட்ச் கார்டு (சுவிட்சில் சொருகும் சின்னக் கேபிள்). மாடிக்கு எடுத்துப் போய் டிசைன் சுவிட்சில் சொருகி, அளவில் அதே மாதிரி வேறு ஒரு ஃபைலைக் காப்பி செய்யுங்கள். கீழே 100 மெகாபைட்டை ஒட்டியும் மேலே 11-ஐத் தாண்டாமலும் நின்றால் சந்தேகமே இல்லை. மாடி கம்ப்யூட்டரின் நெட்வொர்க் பக்கத்தில் ‘1 ஜிகாபிட்’ என்று காட்டுகிறதே என்று டிசைனர்கள் சொல்வார்கள். அது கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் இருக்கும் சுவிட்சுக்கும் நடுவே உள்ள வேகம். அதற்கு அப்பால் நடப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவே என்ன வேகம் என்று பார்க்க, சுவிட்சின் முகப்பில் அந்தப் போர்ட்டுக்கு நேராக எரியும் விளக்கைத்தான் பார்க்க வேண்டும். பல மாடல்களில் ஜிகாபிட் என்றால் பச்சை, 100 என்றால் ஆரஞ்சு. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று விளக்குக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள்.

வரிசையாக எத்தனை சுவிட்ச் போடலாம் என்று கேட்டீர்கள். மூன்றுக்கு மேல் கூடாது, நான்குக்கு மேல் கூடாது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அது சுவிட்சுக்கு முந்தைய 10 மெகாபிட் ஹப் காலத்து விதி, சுவிட்சுக்குப் பொருந்தாது. ஸ்பானிங் ட்ரீ (கேபிள் வட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு, பின்னால் சொல்கிறேன்) பழைய தரத்தில் ஏழு என்று ஒரு பரிந்துரை உண்டு, அதன் நேர அளவுகளை மாற்றாமல் விட்டால் அதற்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று. உங்கள் அலுவலகம் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. ஒவ்வொரு சுவிட்சிலும் தாமதம் சேருமே என்றும் பயப்பட வேண்டாம். ஜிகாபிட் சுவிட்ச் ஒரு முழு ஃபிரேமை (டேட்டா பயணிக்கும் ஒரு பொட்டலம்) வாங்கி அடுத்த பக்கம் அனுப்ப எடுக்கும் நேரம் 12 மைக்ரோ செகண்ட். ஐந்து சேர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

வரிசையாகப் போடுவதில் உள்ள சங்கடம் வேறு. பின்னால் இருக்கும் எல்லாருக்கும் முன்னால் இருப்பவர் வழிவிட வேண்டும். அச்சுக்கூடத்தில் வெல்டிங் வேலைக்கு மெயினை அணைத்தால் மாடியில் டிசைன் நிற்கும், குடோனில் பில் போட முடியாது. அந்த சுவிட்சின் அடாப்டர் ஒன்று கெட்டால் போதும், பாதி அலுவலகம் காலி.

அதனால் சங்கிலியை அவிழ்த்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, எல்லாப் பிரிவுக்கும் அதிலிருந்தே தனித்தனிக் கேபிள் இழுத்துவிடுங்கள். யாரிடமிருந்து யாருக்குப் போனாலும் நடு சுவிட்ச் ஒன்றைத் தாண்டினால் போதும். ஒரு பிரிவு விழுந்தால் அந்தப் பிரிவு மட்டும் விழும்.

இப்போது அந்த நடு சுவிட்சை எங்கே வைப்பது என்ற கேள்வி. பெரும்பாலானோர் ரவுட்டர் இருக்கும் இடத்தில் வைத்துவிடுவார்கள். இணையக் கம்பெனிக்காரர் எங்கே ஃபைபரை இறக்கினாரோ அதுவே நெட்வொர்க்கின் நடு என்று ஆகிவிடுகிறது. உங்கள் அச்சகத்தில் இணையத்துக்குப் போகிற போக்குவரத்து கொஞ்சம்தான். நாஸுக்கும் டிசைனர்களுக்கும் நடுவே போவதுதான் மலையளவு. போர்ட்டை எண்ணுவதற்கு முன் யார் யாரோடு அதிகம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். அதிகம் பேசுகிறவர்களை ஒரே சுவிட்சில் வையுங்கள். 24 போர்ட் ஜிகாபிட் சுவிட்ச் ஒன்றுக்குள் எல்லாப் போர்ட்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பேசலாம். பெட்டியில் 48 ஜிகாபிட் என்று போட்டிருப்பது அதைத்தான். ஒரு சுவிட்சிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில்தான் எல்லாரும் ஒரு ஜிகாபிட்டுக்குள் அடங்க வேண்டும்.

ஆகவே என் யோசனை: 24 போர்ட் சுவிட்ச் மாடியில் டிசைன் பிரிவில் இருக்கட்டும். நாஸையும் அதன் பக்கத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். டிசைனர்கள் ஏழு பேரின் கேபிளும் நேராக இதில். பிளேட் எடுக்கும் சி.டி.பி மெஷினுக்கு ஃபைல் தயார் செய்யும் ரிப் கம்ப்யூட்டரும் நாஸோடு நிறையப் பேசுவதுதான், அதற்கும் கீழிருந்து தனிக் கேபிள் இதற்கே வரட்டும். உங்கள் அறைக் கம்ப்யூட்டரும் கேமரா ரெக்கார்டரும் நேராக இதில். கணக்குப் பிரிவு, அச்சுக்கூடம் இரண்டுக்கும் ஒவ்வொரு கேபிள். குடோனுக்கு ஃபைபர். வைஃபை பெட்டிக்கு ஒன்று. எல்லாம் போக ஏழெட்டு போர்ட்டாவது மிச்சம் இருக்கும். அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடியும் ஒரு குட்டி சுவிட்ச் வந்து தொங்கும்.

டேலி டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரை அசைக்க வேண்டாம். அதைப் பயன்படுத்துகிறவர்கள் பக்கத்திலேயே அதே சுவிட்சில் இருக்கிறார்கள், அது சரியான இடம். ரெக்கார்டரை மட்டும் கேமராக்கள் இருக்கும் அச்சுக்கூட சுவிட்சுக்கே மாற்றலாமே என்று தோன்றும். விதிப்படி சரிதான். ஆனால் திருட வருகிறவன் முதலில் தேடுவது ரெக்கார்டரைத்தான். அது உங்கள் அறையிலேயே பூட்டில் இருக்கட்டும். ஜிகாபிட் இணைப்பில் 32 மெகாபிட் ஒரு பொருட்டே இல்லை.

ரவுட்டர் கணக்குப் பிரிவிலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கேபிளும் கணக்குப் பிரிவு சுவிட்சிலிருந்து ஒரு கேபிளும் தனித்தனியாக மாடிக்கு வரட்டும். இங்கே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். இப்போது ரவுட்டருக்கும் கணக்குப் பிரிவு சுவிட்சுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்னக் கேபிளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். ரவுட்டரின் பின்னால் இருக்கும் நான்கு லேன் போர்ட்டும் உள்ளுக்குள் ஒரு சுவிட்ச்தான். பழைய கேபிளைக் கழற்றாமல் இரண்டு புதுக் கேபிளையும் மாட்டினால் வட்டம் பூர்த்தியாகிவிடும், போன மாதக் கதை திரும்ப நடக்கும்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டு கேபிள் கேள்விக்கும் அதில்தான் பதில் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் ‘இந்த முகவரி யாருடையது?’ என்று எல்லாரையும் பார்த்துக் கேட்பது உண்டு. இப்படி எல்லாருக்கும் போகும் ஃபிரேமை சுவிட்ச் தான் வாங்கிய போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும். ஒரு கேபிளின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் இருந்தால், ஒரு முனையில் வெளியே போனது மறுமுனையில் உள்ளே வரும். சுவிட்ச் அதைப் புதிதாக வந்தது என்று நினைத்து மறுபடியும் எல்லாருக்கும் அனுப்பும். இணையத்தில் போகும் ஐ.பி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யம் ஆனதும் அது செத்துப்போகும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அந்த ஆயுள் எண் கிடையாது. யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றச் சுற்றப் பெருகும். சில நொடியில் எல்லா விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து படபடவென்று மின்னும், ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யாது. அடுத்த முறை அப்படி மின்னினால் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டு நேரத்தை வீணாக்காமல், நடு சுவிட்சில் ஒவ்வொரு பிரிவின் கேபிளாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் அடங்குகிறதோ அந்தப் பிரிவில்தான் வட்டம் இருக்கிறது.

இரண்டு சாதாரண சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டாலும் இதேதான் நடக்கும். வேகம் இரண்டு மடங்காகாது, நெட்வொர்க்கே நின்றுவிடும். இரண்டு கேபிளையும் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு, எல்.ஏ.சி.பி என்பார்கள். இரு முனையிலும் இருக்கும் சாதனங்கள் அதை அறிந்திருக்க வேண்டும், இரண்டிலும் செட்டிங் செய்ய வேண்டும். அப்போதும் ஒருவர் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் அது ஒரே கேபிளில்தான் போகும். பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது ஆட்கள் இரண்டு கேபிளிலும் பிரிந்து போவார்கள், லாபம் அவ்வளவுதான். உங்கள் பிரிவுகளுக்கு நடுவே இது தேவையே இல்லை.

நாஸ் விஷயத்தில் மட்டும் இது உதவலாம். ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: வழியைச் சரி செய்த பிறகு அடுத்த நெருக்கடி நாஸின் போர்ட்டில்தான் வரும். நாஸில் ஒரு ஜிகாபிட் போர்ட் ஒன்று மட்டும் இருந்தால், நான்கு டிசைனர்கள் ஒரே நேரத்தில் ஒரு ஜிபி ஃபைலைத் திறக்கும்போது அந்த 110 மெகாபைட்டை நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆளுக்குச் சுமார் 40 நொடி. இன்றைய நிலைக்கு இது சொர்க்கம், ஆனாலும் சீசனில் கடிக்கும். நாஸில் இரண்டு போர்ட் இருந்தால் எல்.ஏ.சி.பி போட்டுப் பாருங்கள். 2.5 ஜிகாபிட் போர்ட் இருந்தால் இன்னும் நல்லது, அப்போது 24 போர்ட் சுவிட்ச் வாங்கும்போதே 2.5 அல்லது 10 ஜிகாபிட் போர்ட் இரண்டு நான்காவது இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். 2.5 ஜிகாபிட்டுக்குப் புதுக் கேபிள்கூட வேண்டாம், நல்ல கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் ஓடும். அதற்கு மேல் நாஸில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் வேகம்தான் எல்லை.

கடைக்காரர் சொன்ன மேனேஜ்டு விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தும் வேண்டாம். நடுவில் இருக்கும் ஒன்று மட்டும் ஸ்மார்ட் மேனேஜ்டு வகையாக இருந்தால் போதும். மற்ற இடங்களில் சாதாரண ஜிகாபிட் சுவிட்சே தாராளம். நடு சுவிட்சில் செய்ய வேண்டிய வேலைகள் கொஞ்சம்தான். முதலில் ஸ்பானிங் ட்ரீ. வட்டம் உருவானால் ஒரு வழியைத் தானாக அடைத்துவிடும் ஏற்பாடு இது. டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த ராடியா பெர்ல்மன் 1985-ல் உருவாக்கினார், 1990-ல் ஐ.இ.இ.இ என்ற பொறியாளர் அமைப்பின் தரமானது. பழைய வகை வழியை மாற்ற 30 முதல் 50 நொடி எடுக்கும், 2001-ல் வந்த ரேப்பிட் வகை சில நொடியில் முடித்துவிடும். அதனால் செட்டிங்கில் ஆர்.எஸ்.டி.பி (அந்த ரேப்பிட் வகை) என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

இது மட்டும் போதாது. போன மாதம் நடந்தது போல, கடைக்கோடி சாதாரண சுவிட்சிலேயே ஒரு கேபிள் வட்டமிட்டால் அந்த சுவிட்சுக்கு ஸ்பானிங் ட்ரீ என்றால் என்னவென்றே தெரியாது. அதற்காக நடு சுவிட்சில் ‘லூப் புரொடெக்ஷன்’ அல்லது ‘லூப் டிடெக்ஷன்’ என்று தனியாக இருக்கும், அதையும் இயக்குங்கள். அனுப்பிய சோதனை ஃபிரேம் அதே போர்ட்டில் திரும்பி வந்தால் அந்தப் போர்ட்டை மூடிவிடும். அந்தப் பிரிவு மட்டும் நிற்கும், மற்றவர்கள் வேலை ஓடும். நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்ற மறக்க வேண்டாம். வி.லேன் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரிப்பது இப்போதைக்கு உங்களுக்கு அவசியம் இல்லை. வருகிற வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்கிறீர்கள் என்றால் மட்டும் அதைத் தனி வி.லேனில் வையுங்கள். டிசைன் ஃபைல்கள் இருக்கும் நெட்வொர்க்கில் வெளியாட்களின் போன் இருக்கக் கூடாது.

கேபிள் பற்றிச் சொல்லாவிட்டால் இதெல்லாம் வீண். சந்தையில் கேட் 6 என்று விற்பதில் நிறைய பெட்டி, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. விலை குறைவு என்பதால் வயர்மேன்களும் அதையே எடுத்துவருகிறார்கள். முறுக்கினால் ஒடியும், தூரம் போனால் சிக்னல் தேயும், கேமராவுக்குக் கேபிளிலேயே கரண்ட் கொடுத்தால் சூடாகும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். வாங்கும்போதே ஒரு துண்டு வெட்டி, உள்ளே இருக்கும் கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, பழைய கேபிள்களின் முனைகளைத் திறந்து பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பியில் நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிள் மிச்சம் பிடிக்க ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. உங்கள் கட்டடத்தில் அப்படி ஏதாவது இருந்தால் புது சுவிட்ச் வாங்கியும் 100-தான் வரும். எட்டில் ஒரு கம்பி முனையில் சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் (அழுத்திப் பொருந்தாவிட்டாலும்) அப்படித்தான், சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நிற வரிசை இரு முனையிலும் ஒன்றாக இருந்தால் போதும் என்று சிலர் தங்கள் இஷ்டப்படி அடுக்குவார்கள். சின்ன டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் மூன்றாவதும் ஆறாவதும் ஒரே ஜோடியில் பின்னியிருக்க வேண்டும். அது பிசகினால் இரைச்சல் ஏறி, பெரிய ஃபைல் போகும்போது திக்கும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எல்லா முனையும் இந்த வரிசைதான், மாற்றம் கூடாது.

அச்சுக்கூடத்தில் மோட்டார் வயர்களோடு சேர்த்துக் கட்டி நெட்வொர்க் கேபிளைக் கொண்டுபோகாதீர்கள். குறைந்தது ஓர் அடி தள்ளியே ஓடட்டும், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகக் கடக்கட்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று இழுக்கும் இடத்தில் இரண்டாக இழுத்துவிடுங்கள், கூலி ஒன்றுதான். இரண்டாவதை எந்த சுவிட்சிலும் சொருகாமல், ‘ஸ்பேர், சொருக வேண்டாம்’ என்று எழுதி முனையைச் சுருட்டிக் கட்டிவையுங்கள்.

குடோன் கேபிளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் கவலை. தெருவைத் தாண்டி ஆகாயத்தில் போகும் செம்புக் கேபிள் இடி மின்னலுக்கு விருந்து. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலே அதில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு போர்ட் எரிந்துவிடும். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி என்பதால் அந்த வித்தியாசமும் கேபிள் வழியாகப் பாயப் பார்க்கும். இன்று அந்தக் கேபிள் முடிவது அச்சுக்கூட சுவிட்சில். நாளை அதை உங்கள் 24 போர்ட் சுவிட்சில் சொருகினால், மின்னல் நேராக நடு வீட்டுக்கே வரும், பக்கத்தில் நாஸ் வேறு. ஐப்பசி மழைக்கு முன் ஃபைபர் போட்டுவிடுங்கள். தூரம் நூறு மீட்டருக்குள்தான் என்றாலும் ஃபைபர்தான் சரி, கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

சிங்கிள் மோட் டிராப் கேபிள் போதும். உங்கள் ஊர் கேபிள் டிவி, இணைய இணைப்புக்காரர்களிடம் ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கும், அவர்களே இழுத்து முனை ஒட்டித் தருவார்கள். கேபிளோடு கூடவே ஓடும் இரும்புக் கம்பியைச் சுவருக்கு வெளியே கொக்கியிலேயே நிறுத்தி வெட்டிவிடச் சொல்லுங்கள், அது உள்ளே சுவிட்ச் வரை வந்தால் ஃபைபர் போட்டதன் பலன் போய்விடும். ஒற்றை இழையில் ஓடும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வாங்கினால் அது ஏ, பி என்று ஜோடியாகத்தான் வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பினால் மற்றது 1550-ல் அனுப்பும். இரண்டும் ஏ-யாக வாங்கி வந்துவிட்டு விளக்கு எரியவில்லை என்று நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

நடு சுவிட்ச், நாஸ் இரண்டும் ஒரே யு.பி.எஸ்ஸில் இருக்கட்டும். கணக்குப் பிரிவிலும் அச்சுக்கூடத்திலும் இருக்கும் சின்ன சுவிட்சுகளுக்கும் யு.பி.எஸ் வேண்டும், அவை எடுப்பது சில வாட்தான். கணக்குப் பிரிவு யு.பி.எஸ்ஸிலேயே ரவுட்டரும் இருக்கட்டும். அச்சுக்கூட சுவிட்ச் காகிதத் தூசியும் பவுடரும் பறக்கும் இடத்தில் இருப்பதால், மூடிய சின்னச் சுவர்ப் பெட்டிக்குள், விசிறி இல்லாத வகையாகப் பார்த்து வையுங்கள். பல சின்ன சுவிட்சுகள் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று அதன் தாளிலேயே போட்டிருக்கும். சித்திரையில் தகரக் கூரைக்கு அடியில் உயரத்தில் மாட்டினால் தாங்காது, தலை உயரத்துக்குக் கீழே இறக்கி வையுங்கள்.

மாடியில் வைஃபைக்காகப் பழைய ரவுட்டர் எதையாவது வைத்திருந்தால், அதில் டி.ஹெச்.சி.பி-யை (கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, லேன் போர்ட்டில் கேபிளைச் சொருகுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், சில கம்ப்யூட்டருக்கு மட்டும் திடீரென்று நாஸ் காணாமல் போகும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது? இந்த வாரமே அச்சுக்கூடத்தின் பழைய சுவிட்சை எட்டு போர்ட் ஜிகாபிட் சுவிட்சாக மாற்றிவிடுங்கள். கேமராக்களையும் சேர்த்து எட்டு போதாது என்றால் பதினாறு. கேமராக்களுக்கு இப்போது சுவிட்சிலிருந்தே கரண்ட் போகிறது என்றால் புதியதும் பி.ஓ.இ வகையாக இருக்க வேண்டும், கடையில் மறக்காமல் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே டிசைன் பிரிவுக்குப் பெரிய விடுதலை கிடைக்கும். கேபிள் இழுப்பு, நடு சுவிட்ச், நாஸ் இடமாற்றம் மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்த்துச் செய்யுங்கள். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவந்து ஆர்டர் குவிய ஆரம்பித்துவிட்டால் நாஸை ஒரு மணி நேரம்கூட நிறுத்த விட மாட்டார்கள். அதற்குள் முடித்துவிடுவது நல்லது. நாஸைத் தூக்குவதற்கு முன் ஒரு முழு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அதே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவிலும் காப்பி சோதனையைச் செய்யுங்கள். எங்கேயும் 100 மெகாபைட்டை ஒட்டி வர வேண்டும். ஏதாவது ஒரு பிரிவில் மட்டும் 11-ல் நின்றால், அந்தப் பிரிவுக்கு வரும் கேபிளின் இரு முனையையும் வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் எங்கிருந்து எங்கே என்று எழுதி ஒட்டுங்கள். கழற்றிய அந்தப் பழைய 100 மெகாபிட் சுவிட்சை, எதற்காவது உதவும் என்று அலமாரியில் எடுத்து வைக்க வேண்டாம். போர்ட் பற்றாத ஒரு நாளில் யாராவது அதை எடுத்து மாட்டிவிடுவார்கள். பழைய சாமான் கடைக்கே அனுப்பிவிடுங்கள்.